எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை

காஞ்சிமாநகரை அடுத்து வேகவதியாற்றின் அருகே விளங்கும் திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி எனவும் வழங்கப்பெறும். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிற் கல்வெட்டுகள், விஜயநகரத்துத் தண்டநாயகர் இருகப்பர் துந்துபி ஆண்டில் ஊர் ஒன்றை ஈந்தமையையும், பிரபவ ஆண்டில் மண்டபம் எடுத்தமையையும் கூறுகின்றன. இப்பெயர்கள் அறுபதாண்டுக்கொருமுறை மீள்வன. ஆயினும் இருகப்பர் இரண்டாம் ஹரிஹரர் காலத்தவராதலின், அவை முறையே கி.பி. 1382-83, 1387-88 எனத் துணியப்பட்டன. இங்ஙனம் கல்லிற் கண்டதைக் காலக்கணக்கோடு ஒத்துநோக்கும் பணியை எளிதாக்கிய பெரியார் திவான் பகதூர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை ஆவர்.

கத்தோலிக்கத் தமிழ்க்குடியிற் பிறந்த இவர் 1865 முதல் 1925 வரை வாழ்ந்தவர். அரசாங்க உத்தியோகத்திற் பல படிகளைக் கடந்து, சென்னைச் சட்டசபையின் காரியதரிசியாகவும், 1924-இல் அதன் தலைவராகவும் அமர்ந்தார். அப்பதவிச் சுமையினூடே இவர் வளர்த்தது கால ஆராய்ச்சி. 1911-இல் இந்தியக் காலக்கணக்கு பற்றிய நூலை வெளியிட்டார். 1922-இல், கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாட்களின் திதி நட்சத்திரங்களைக் காட்டும் பஞ்சாங்கப் பெருநூல் பல தொகுதிகளாக வெளிவந்தது.

இந்நூலின் பயன் யாது? கல்வெட்டு ஒன்று மாதம், பக்கம், திதி, நட்சத்திரம், கிழமை எனப் பலவற்றைக் குறிக்கும். அவை ஒன்றற்கொன்று கட்டுப்பட்டவை. சித்திரைத் திங்களில் ஞாயிறு மேடத்தில் நிற்பதால், அத்திங்களின் பௌர்ணமியில் மதி நேரெதிரே துலாத்தின் பக்கலிலேயே நிற்கவேண்டும். அந்நாளை உரோகிணி எனக் குறிக்கும் சாசனம் தன்னையே மறுக்கின்றது. நெடுங்கணக்கிட்டு அறியவேண்டிய இம்முரண்பாடுகளை இவர் வகுத்த பட்டிகள் நொடியிற் காட்டின. இன்று கணினியில் ஒரு கட்டளையிட்டவளவில், பல்லாயிரம் பதிவுகளுள் விதி பிறழ்ந்தவை மட்டும் வரிசையாக வெளிவருதலை இதற்கு ஒப்புக் கூறலாம்.

எனினும், முரண்பட்டது யாவும் பொய்யன்று. கல்வெட்டியவன் கை தவறியிருக்கலாம். சென்ற ஆண்டை எண்ணுவோரும் நடப்பாண்டை எண்ணுவோரும் வேறுபட்டிருக்கலாம். கட்டளை பிழையைச் சுட்டும். அதன் காரணத்தைக் கூறாது. காரணம் தேடாது கல்லின் வாசகத்தைத் திருத்துவோர், பிழையோடு சான்றையும் அழித்தவராவர்.

பொருந்தியது யாவும் மெய்யென்பதும் இல்லை. சிலப்பதிகாரம் மதுரை எரியுண்ட நாளுக்குத் திங்களும் திதியும் கிழமையும் கூறுகின்றது. அவற்றையும் உரையிற் காணும் குறிப்பையும் கணித்த பிள்ளையவர்கள் கி.பி. 756-ஆம் ஆண்டைக் கண்டார். பரிபாடலின் பதினோராம் பாடலிற் காணும் கோள்நிலைக்கு கி.பி. 634-ஐக் கண்டார். கணக்கு பொருந்தியபோதும் அறிஞர் பலர் அக்காலங்களை ஏற்றிலர். புலவர் கூறும் நாள் நடந்த நாளாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லையன்றோ!

தமிழ் கற்கும் நாம் பழம்பெருமையை நாடி, ஆண்டுகளை வேண்டியவாறு முன்னும் பின்னும் தள்ளும் இயல்பினோம். நம் விருப்பத்துக்கு வளையாத அளவுகோலொன்றை இப்பெரியார் நம் கையில் தந்து சென்றார். அதன் முன் முதற்கண் நிறுத்தத்தக்கவை பிறர் கொள்கைகள் அல்ல, நம்முடையனவே.