சைதாப்பேட்டைப் பாலம் கட்டிய வியாபாரி

தியாகராயநகரில் இருந்து கிண்டிக்குப் பஸ் ஏறுகிறீர்கள். சைதாப்பேட்டை தாண்டியதும் ஒரு பாலம் வருகிறது. கீழே அடையாறு. ஒரு நிமிடத்துக்குள் பஸ் பாலத்தைக் கடந்துவிடும். நெரிசலில் சிக்கி நின்றால்தான், கீழே ஆறு இருப்பதே பலருக்கு ஞாபகம் வரும்.

அதற்கு மறைமலை அடிகள் பாலம் என்று பெயர். 1966-ல் கட்டப்பட்டது. அதற்கு முன்பு அங்கே ஒரு பழைய பாலம் இருந்தது. 1726-ல் கட்டிய பாலம். 240 ஆண்டுகள் உழைத்த பாலம்!

அதைக் கட்டியது அரசாங்கம் அல்ல. நகரசபையும் அல்ல. கடல் கடந்து பிழைக்க வந்த ஒரு வியாபாரி, தன் சொந்தப் பணத்தில் கட்டினார்.

அவர் பெயர், கோஜா பெட்ரஸ் உஸ்கான்.

பாரசீகத்தில் இருந்து வந்தவர்

பெட்ரஸ் ஆர்மீனியர். பாரசீக நாட்டில் இஸ்பகான் நகரத்தை அடுத்து ஜுல்பா என்று ஓர் ஊர் உண்டு. ஆர்மீனியர்கள் குடியிருந்த ஊர். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களை அவர்களுடைய பழைய ஊரில் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார். வந்த இடத்தில் அவர்கள் வாணிபத்தில் புலிகள் ஆனார்கள். அந்த ஊரில், 1680-ம் ஆண்டை ஒட்டிப் பெட்ரஸ் பிறந்தார். "கோஜா" என்பது பெரிய வணிகர்களுக்குக் கொடுக்கும் மரியாதைப் பட்டம். நம் ஊரில் "செட்டியார்வாள்" என்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1724-ம் ஆண்டு வாக்கில் சென்னையில் வந்து தங்கினார். ஆர்மீனியர்கள் அதற்கு முன்பே இங்கே இருந்தார்கள். பாரிமுனைக்குப் பக்கத்தில் அவர்கள் பெயரால் ஒரு தெரு இருக்கிறது. நம் மக்கள் வாயில் "ஆர்மீனியன்" நுழையவில்லை. "அரண்மனைக்காரன் தெரு" ஆகிவிட்டது! அரண்மனைக்கும் அந்தத் தெருவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பெட்ரசுக்குப் பணம் வந்தது மணிலா வியாபாரத்தில். பிலிப்பைன்ஸ் தீவுகளில் இருக்கும் மணிலா அப்போது ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. இங்கிலீஷ்காரர்களையும் டச்சுக்காரர்களையும் அவர்கள் அங்கே வியாபாரம் செய்ய விடுவதில்லை. ஆனால் ஆர்மீனியர்களுக்குத் தடை இல்லை. நம் நெசவாளர்கள் நெய்த துணி இங்கிருந்து கப்பலில் போகும். அங்கிருந்து வெள்ளி வரும். பெட்ரஸ் பெரும் செல்வர் ஆனார்.

ஆற்றில் இறங்கி நடந்த காலம்

அந்தக் காலத்தில் கோட்டையில் இருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்கள் அடையாற்றில் இறங்கித்தான் அக்கரை சேர வேண்டும். கோடையில் கவலை இல்லை. முழங்கால் தண்ணீர் இருந்தால் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை வேறு. ஏரிகள் நிரம்பி வழிந்து, எல்லா நீரும் இந்த ஆற்றுக்குத்தான் வரும். மலைமேல் இருக்கும் தோமையார் கோவிலுக்குப் போகிற யாத்திரிகர்களும், தலைச்சுமையோடு வருகிற ஏழைகளும் கரையில் நின்று வெள்ளம் வடியக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இறங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

அப்போது சென்னையில் நகரசபை இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1688-லேயே ஏற்பட்டது. வரி போட்டு ஊர்க் காரியங்களைப் பார் என்று அதற்கு அதிகாரமும் கொடுத்திருந்தார்கள். ஆனால் வரி என்றதும் மக்கள் முகம் சுளித்தார்கள். கஜானாவில் பணம் சேரவில்லை. மேலும், சைதாப்பேட்டை ஊருக்கு வெகு வெளியே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வியாபாரம்தான் முக்கியம்.

பெட்ரஸ் காத்திருக்கவில்லை. 30,000 வராகன் செலவு செய்து பாலம் கட்டினார். வளைவு வளைவாக அமைந்த நீண்ட பாலம். வராகன் என்பது தங்க நாணயம். பின்னாளில் போட்ட கணக்குப்படி ஒரு வராகன் மூன்றரை ரூபாய். அப்படிப் பார்த்தால் ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபாய். அந்தக் காலத்து லட்சம்!

இங்கிலீஷ்காரர்கள் அதை "மார்மலாங் பாலம்" என்றார்கள். அது என்ன மார்மலாங்? நம் மாம்பலம்தான்! வெள்ளைக்காரர் வாயில் புகுந்து அப்படி வெளியே வந்தது.

பரங்கிமலை ஏறுவதற்குக் கற்படிகள் அமைத்தவரும் இவரே. நூற்றுக்கு மேற்பட்ட படிகள். இன்றும் பக்தர்கள் அதில் ஏறுகிறார்கள்.

அந்த 1,500 வராகன்

பெட்ரஸ் செய்ததில் என்னை மிகவும் கவர்ந்தது வேறு ஒன்று. பாலம் கட்டியதோடு அவர் கையைக் கழுவிவிடவில்லை. அதைப் பராமரிக்க என்று தனியாக 1,500 வராகன் ஒதுக்கினார். கட்டிய செலவில் இருபதில் ஒரு பங்கு.

பாலம் கட்டினால் திறப்பு விழா உண்டு. மாலை உண்டு. கல்வெட்டில் பெயர் உண்டு. பழுது பார்ப்பதற்கு என்ன உண்டு? ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் செய்யாவிட்டால் பாலமே இருக்காது. விரிசலில் காக்கை எச்சமிட்டு ஓர் அரசங்கன்று முளைக்கும். பத்து ஆண்டு விட்டால் அதன் வேர் சுவரைப் பிளந்துவிடும். ஒவ்வொரு வெள்ளமும் தூணின் அடியில் இருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு போகும். வெள்ளம் வடிந்ததும் ஆள் இறங்கிப் பார்த்துக் கல் போட்டு நிரப்பவேண்டும். வியாபாரி அல்லவா! கப்பல் வாங்குவது ஒரு செலவு, அதை மிதக்க வைப்பது வேறொரு செலவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று பாலங்களை யாரும் தனி மனிதர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது இல்லை. அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. உள் தெருக்களும் பூங்காக்களும் மாநகராட்சியின் பொறுப்பு. ஆறு நீர்வளத் துறையின் பொறுப்பு. கான்கிரீட் பாலத்துக்கும் வேலை குறைவு இல்லை. வெயிலில் மேல்தளம் நீள்வதற்காக விட்ட இடுக்குகளைச் சுத்தம் செய்ய வேண்டும். தூணுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கும் தாங்கிகளைப் பார்க்க வேண்டும். மழைநீர் வடியும் குழாய்கள் அடைத்தால், தளத்தில் நீர் தேங்கி உள்ளே இருக்கும் இரும்புக்கம்பி துருப்பிடிக்கும்.

ஆறு மாறவில்லை. 2015 டிசம்பரில் பேய்மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டைப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். பெட்ரஸ் காலத்து யாத்திரிகர்களைப் போலவே, ஜனங்கள் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொத்துப் போயிற்று

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். புதுச்சேரியில் அப்போது கவர்னர் டூப்ளே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வரும் அதே டூப்ளேதான். சென்னையின் பெரிய வியாபாரிகளைத் தன் பக்கம் இழுக்க அவர் ஆசைப்பட்டார். பெட்ரசும் வரவேண்டும் என்று விரும்பினார். தலையாட்டி இருந்தால் பெட்ரஸ் தன் சொத்தைக் காப்பாற்றி இருக்கலாம். அவர் இணங்கவில்லை. சென்னையில் இருந்த அவருடைய சொத்துகளைப் பிரெஞ்சுக்காரர்கள் பறிமுதல் செய்தார்கள். அறுபத்தைந்து வயதில் அவர் ஊரை விட்டுப் போய், டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியில் தங்கினார்.

1749-ல் இங்கிலீஷ்காரர்கள் சென்னையைத் திரும்பப் பெற்றார்கள். வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? கத்தோலிக்கர்களும் ஆர்மீனியர்களும் பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொன்னார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். கோட்டைக்குள் அவர்கள் வீடு வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கம்பெனிக்காகச் சொத்தை இழந்த பெட்ரசின் இனத்தாருக்குக் கிடைத்த பரிசு இது!

அப்படியும் பெட்ரஸ் சென்னைக்கே திரும்பி வந்தார். 1751 ஜனவரி 15-ந் தேதி இங்கேயே இறந்தார். வேப்பேரியில் அவர் கட்டிய மாதா கோவிலில் உடலை அடக்கம் செய்தார்கள். இருதயத்தை மட்டும் தனியே எடுத்து, ஒரு பெட்டியில் வைத்து, பிறந்த ஊரான ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கோவிலும் பிறகு கைமாறியது. கம்பெனி அதைப் புராட்டஸ்டண்ட் பாதிரிமார்களுக்குக் கொடுத்துவிட்டது. தமிழில் பைபிளை மொழிபெயர்த்து, அகராதியும் தொகுத்த பெப்ரீஷியஸ் பாதிரியார் அங்கேதான் ஊழியம் செய்தார். இன்று அந்த இடத்தில் இருப்பது செயின்ட் மத்தியாஸ் ஆலயம். பெட்ரசின் கல்லறையை அங்கே காணலாம்.

பழைய பாலத்தில் ஒரு கல் பதித்திருந்தார்கள். பாலம் கட்டிய செய்தியை ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் சொல்லும் கல். பாலத்தை இடித்தபோதும் அந்தக் கல் தப்பியது. புதுப் பாலத்தின் சைதாப்பேட்டைப் பக்கத்தில், பஸ்களின் புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவே நின்றது. மூன்று மொழிகளில் ஒன்றும் நமக்குப் படிக்கத் தெரியாது. யாரோ தெருப்பலகை நட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம்.