இராஜா சாண்டோ

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். ஏலம் விளையும் மலைச்சாரலுக்கு வாயிலாக விளங்கும் அவ்வூரின் எழிலை நாடித் திரைப்படக் குழுவினர் பலர் இன்று செல்கின்றனர். ஆனால், பேசும் படம் தோன்றிய காலத்தில், தமிழ்ப் படம் எடுப்பதற்கே தமிழர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் செல்ல வேண்டியிருந்தது. அக்காலத்துக்கும் முன்பே பம்பாய் சென்று, உடல் வலிமையால் உயர்ந்து, பின்னர்த் தமிழ்த் திரையுலகிற்கு வழிகாட்டியவர் இராஜா சாண்டோ ஆவார்.

இவர் புதுக்கோட்டையில் பிறந்தவர். இவருடைய இயற்பெயர் நாகலிங்கம் என்பது. இளமையிலேயே உடற்பயிற்சியில் தேர்ச்சி பெற்றார். ஜெர்மனியில் பிறந்த சாண்டோ என்னும் வீரரின் புகழ் அந்நாளில் உலகெங்கும் பரவியிருந்தது. அவர் பெயர் வலிமைக்கே மறுபெயராயிற்று. நாகலிங்கமும் இராஜா சாண்டோ என வழங்கப்பெற்றார்.

பம்பாயில் இவர் முதலில் சண்டைக் காட்சிகளில் நடிப்பவராகவே திரையுலகில் நுழைந்தார். அது ஊமைப் படக் காலம். சொல்லுக்கு அங்கே இடமில்லை. கையும் காலும் கண்ணுமே பேசவேண்டும். பயிற்சியால் பண்பட்ட இவருடைய உடல் அம்மொழியை நன்கு பேசியது. விரைவில் இவர் புகழ் வாய்ந்த கதைத்தலைவரானார்.

வீரச் செயல்களை மட்டுமே காட்டி இவர் வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ஆயினும், இவர் மனம் அதனோடு அமைதி பெறவில்லை. சென்னைக்கு வந்து, 1930-ஆம் ஆண்டில் 'பேயும் பெண்ணும்' என்னும் ஊமைப் படத்தை இயக்கினார். வை. மு. கோதைநாயகி அம்மாளின் புதினத்தைத் தழுவி 'அனாதைப் பெண்' என்னும் படத்தையும் உருவாக்கினார். புராணக் கதைகளே பெரிதும் திரையில் உலவிய காலத்தில், பெண்கள் படும் துயரைப் பொருளாகக் கொள்ளுதல் எளிய செயலன்று.

1935-இல் டி. கே. எஸ். சகோதரர்களைக் கொண்டு பம்பாயில் 'மேனகா' என்னும் பேசும் படத்தை இயக்கினார். புகுந்த வீட்டில் அல்லலுற்ற பெண்ணின் கதை அது. தமிழில் சமூகக் கதைப் படங்களுக்கு அதுவே முன்னோடியாயிற்று. நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன் திரைக்கு வந்ததும் அப்படத்தில்தான். தியாகராஜ பாகவதர் நடித்த 'திருநீலகண்டர்' படத்தையும் 1939-இல் இவரே இயக்கினார்.

1943-இல் கோயம்புத்தூரில் இராஜா சாண்டோ மறைந்தார். இவர் பெயரால் தமிழ்நாடு அரசு திரைக்கலைஞர்களுக்கு விருது வழங்கி வந்துள்ளது. உடல் வலிமை இவரைப் புகழ் ஏணியில் ஏற்றியது. எளியோர் துயரைத் திரையில் காட்டிய நெஞ்சுரமோ, இவர் புகழை நிலைபெறச் செய்தது.