டங்கன் ஒயிட்: 52 வருஷம் இலங்கையின் ஒரே ஒலிம்பிக் பதக்கத்தை வைத்திருந்தவர்... யார் இவர்?

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்கு ஒரு கேள்வி. இலங்கை இதுவரை ஒலிம்பிக்கில் வாங்கிய பதக்கம் எத்தனை?

1996-ல் கிரிக்கெட் உலகக் கோப்பையையே தூக்கிய நாடு, எப்படியும் ஏழெட்டு இருக்கும்னு தோணும். இரண்டுதான். இரண்டும் வெள்ளி, இரண்டும் தடகளத்தில் வந்தவை. முதலாவது 1948 லண்டனில். இரண்டாவது 2000 சிட்னியில்.

கேள்வியை கும்மிடிப்பூண்டி ரயிலில் வைத்துக் கேட்பதற்கும் காரணம் உண்டு. சிப்காட் கம்பெனிகளுக்கு நாம் ஷிப்ட் போகும் அதே ஊரில்தான் தமிழ்நாட்டின் பெரிய இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் ஒன்று இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பலருக்கு, எந்த நாட்டுக் கொடி தங்களுடையது என்பது பொது அறிவுக் கேள்வி கிடையாது. அதற்கும் 1948-க்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த முதல் பதக்கக்காரர்.

கொழும்புக்குத் தெற்கே களுத்துறைப் பக்கம் லத்பந்துர என்ற ஊரில் 1918 மார்ச் 1-ம் தேதி பிறந்தவர் டங்கன் ஒயிட். பறங்கியர் சமூகம். அதாவது போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஐரோப்பியர் வந்து போன காலத்தில் இலங்கையிலேயே வேர்விட்ட கலப்பு வம்சம். நம்ம ஊர் ஆங்கிலோ இந்தியர்களை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அப்படி. எண்ணிக்கையில் ரொம்பச் சின்ன சமூகம். படித்தது கண்டி டிரினிட்டி கல்லூரியில். பள்ளி நாட்களிலேயே ஓட்டத்தில் பெயர் வாங்கிவிட்டார்.

1938-ல் சிட்னியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டிக்கு (இன்றைய காமன்வெல்த் போட்டிதான்) சிலோன் அணியில் போனார். வயது 19. அந்தப் போட்டியில் சிலோனுக்குத் தங்கம் கொண்டுவந்தவர் பார்னி ஹென்ரிகஸ் என்ற குத்துச்சண்டை வீரர். ஒயிட்டுக்குப் பதக்கம் இல்லை. பரவாயில்லை, 19 வயசுதானே, அடுத்து ஒலிம்பிக் இருக்கே என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

அந்த அடுத்த ஒலிம்பிக் வரவே இல்லை. 1940 போட்டி இரண்டாம் உலகப் போரால் ரத்து. 1944-ம் ரத்து. ஒரு ஓட்டக்காரருக்கு 22 வயதும் 26 வயதும் என்ன அர்த்தம் என்பது விளையாட்டு பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டும் கையை விட்டுப் போச்சு. ஒயிட் ராணுவச் சீருடை போட்டார், சிலோன் லைட் இன்ஃபன்ட்ரியில். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அதே ஏப்ரலில் மெட்ராஸிலும் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்த கதையை உங்கள் தாத்தா பாட்டி யாராவது சொல்லியிருக்கலாம்.

1948-ல் ஒலிம்பிக் மறுபடி வந்தபோது ஒயிட்டுக்கு வயது 30.

சிலோனுக்கு அப்போது வயது ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம், ஜூலை 29-ல் லண்டனில் தொடக்க விழா. 1946 கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 67 லட்சம். 2011 கணக்கில் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து போன வீரர்கள் ஏழு பேர். தடகளமும் குத்துச்சண்டையும் மட்டும்தான். வெம்ப்ளி மைதானத்துக்குள் சிங்கக் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவர் ஒயிட்.

அந்த லண்டன் ஒலிம்பிக்கை இன்றைய ஒலிம்பிக் மாதிரி கற்பனை செய்யாதீர்கள். போர் முடிந்து மூன்று வருஷம், பிரிட்டனில் இன்னமும் ரேஷன். வீரர்களுக்கென்று தனி கிராமம் எதுவும் கட்டவில்லை. ராணுவ முகாம்களிலும் கல்லூரிகளிலும் தங்கினார்கள். துறைமுகத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் கொடுத்த கூடுதல் ரேஷன்தான் வீரர்களுக்கும். வெம்ப்ளியில் நாய்ப் பந்தயம் நடக்கும் இடத்தில் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டி ஓடுதளம் போட்டிருந்தார்கள். இன்றைய செயற்கைத் தளம் மாதிரி கால் துள்ளாது. மழை பெய்தால் புதையும்.

ஒயிட் ஓடியது 400 மீட்டர் தடை ஓட்டம். நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்லணும்னா, 1984-ல் பி.டி.உஷா நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலத்தை விட்டாரே, அந்தப் போட்டி. பத்துத் தடைகள். ஆண்களுக்கு ஒவ்வொன்றும் மூன்றடி உயரம். தொடக்கக் கோட்டில் இருந்து 45 மீட்டரில் முதல் தடை, பிறகு 35 மீட்டருக்கு ஒன்று, கடைசித் தடையைத் தாண்டி 40 மீட்டர் ஓட்டம். இடையில் எத்தனை எட்டு வைக்கிறோம் என்று ஓடுகிறவருக்குக் கணக்கு இருக்க வேண்டும். களைப்பில் எட்டு சுருங்கினால் தாண்டும் கால் மாறிவிடும், தாளம் போய்விடும். எட்டாவது ஒன்பதாவது தடையில்தான் பெரும்பாலும் ஆட்டம் தெரியும். வேகமும் வேணும், மூச்சும் வேணும், கணக்கும் வேணும். தடகளத்தில் இதை மிகக் கொடுமையான ஓட்டம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

ஜூலை 30-ல் தகுதிச் சுற்றும் அரையிறுதியும். ஒரே நாளில் இரண்டு முறை பத்துத் தடை. அமெரிக்காவின் ராய் காக்ரனும் ஸ்வீடனின் ரூன் லார்சனும் தத்தம் அரையிறுதியில் 51.9 வினாடியில் ஓடி, அதுவரை இருந்த 52.0 என்ற ஒலிம்பிக் சாதனையை உடைத்தார்கள். எல்லோரின் கண்ணும் அவர்கள் இருவர் மேல். சிலோனில் இருந்து வந்த 30 வயது ராணுவக்காரரைப் பெரிதாக யாரும் கணக்கில் எடுத்திருக்க வாய்ப்பில்லை.

மறுநாள் ஜூலை 31, இறுதி ஓட்டம். ஆறு பேர். இரண்டு அமெரிக்கர், ஒரு ஸ்வீடன்காரர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு இத்தாலியர், ஒயிட். அந்த இத்தாலியர் யார் தெரியுமா? ஒட்டாவியோ மிசோனி. பின்னாளில் வண்ண வண்ணக் கோடு போட்ட பின்னலாடைகளால் உலகப் புகழ் பெற்ற அதே மிசோனி ஃபேஷன் நிறுவனத்தின் நிறுவனர். போரில் பிடிபட்டு பிரிட்டிஷாரிடம் கைதியாக இருந்துவிட்டு வந்து ஓடினார். இத்தாலி அணிக்கான கம்பளி டிராக் சூட்டும் அவர் தயாரிப்புதான். ஆறாவதாக வந்தார்.

காக்ரன் 51.1 வினாடியில் தங்கம். அவருக்கும் வயது 29, அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர், அவருடைய நல்ல வருஷங்களும் போரில் கரைந்தவைதான். லார்சன் 52.2, வெண்கலம். நடுவில் 51.8 வினாடியில் டங்கன் ஒயிட்.

இந்த 51.8-ஐ ஒரு நிமிஷம் கவனியுங்கள். முந்தைய நாள் இரண்டு பேர் படைத்த புது ஒலிம்பிக் சாதனை 51.9. ஒயிட் அதைவிட வேகமாக ஓடியிருக்கிறார். காக்ரன் என்ற ஒருவர் மட்டும் அன்று களத்தில் இல்லாவிட்டால் தங்கமும் ஒலிம்பிக் சாதனையும் சிலோனுக்கு. இரண்டாம் இடம் என்றதும் நாம் கடந்து போய்விடுகிறோம், இல்லையா?

இந்தியாவோடு ஒப்பிட்டால் இன்னும் நன்றாகப் புரியும். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம், அதே லண்டனில் பிரிட்டனை 4-0 என்று வென்று ஹாக்கியில் எடுத்த தங்கம். அது ஆகஸ்ட் 12. ஒயிட் அதற்கு 12 நாள் முன்னாலேயே பதக்கம் வாங்கிவிட்டார். தனிநபர் பதக்கத்துக்கு நாம் 1952-ல் கே.டி.ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கும் வரை காத்திருந்தோம். தடகளப் பதக்கத்துக்கு? 2021-ல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறியும் வரை. 73 வருஷம்!

அந்தக் கொடிக்கு வருவோம்

லண்டனில் ஒயிட் ஏந்திய கொடி இன்றைய இலங்கைக் கொடி அல்ல. கண்டி அரசின் பழைய சிங்கக் கொடிதான் சுதந்திர நாளில் ஏற்றப்பட்டது. அதில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடமில்லையே என்ற எதிர்ப்பு வந்தது. குழு போட்டு, ஆரஞ்சு, பச்சை என இரண்டு பட்டைகளைச் சேர்த்து 1951-ல் புதுக் கொடி வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், ஒயிட் வெள்ளியோடு நின்ற நான்கே மாதத்தில் நடந்தது. 1948 நவம்பர் 15-ல் சிலோன் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். இந்த ஏழு லட்சமும் மேலே சொன்ன 67 லட்சத்துக்குள் எண்ணப்பட்டவர்கள்தான். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்பதாகப் பேசி முடித்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களிலும் மலையக வேர் கொண்ட குடும்பங்கள் உண்டு.

அவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். ஆனா 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஒலிம்பிக் சாசனமோ, எந்த நாட்டுக்காக ஓடுகிறாரோ அந்த நாட்டின் குடியுரிமை கேட்கிறது. கும்மிடிப்பூண்டி முகாமில் ஒரு பெண் நாளைக்கே 400 மீட்டரை அபாரமாக ஓடினாலும் அவர் முதலில் தாண்ட வேண்டிய தடை மைதானத்தில் இல்லை. 2016 ரியோவில் இருந்து அகதிகள் அணி என்று ஒன்று இருக்கிறது, உண்மைதான். அதில் இடம் பிடிக்கவும் முறைப்படி அகதி என்ற அங்கீகாரம் வேண்டும்.

பதக்கத்துக்குப் பிறகு ஒயிட் என்ன ஆனார்?

லண்டன் வெள்ளி அவருக்கு ஒரு கதவைத் திறந்தது. இங்கிலாந்தின் லஃப்பரோ கல்லூரியில் உடற்கல்வி படித்தார். பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. விருது கொடுத்தது. 1950-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் 440 கஜ தடை ஓட்டத்தை 52.5 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். 52.7 வினாடியில் இரண்டாவதாக வந்தவர் உள்ளூர்க்காரர் ஜான் ஹாலண்ட். 1952 ஹெல்சிங்கியில் இதே ஓட்டத்தில் வெண்கலம் வாங்கியவர் இந்த ஹாலண்ட்தான். அவரை அவர் மண்ணிலேயே 31 வயதில் முந்தியிருக்கிறார் ஒயிட்.

1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்ட பறங்கியர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின. ஒயிட் போன திசை வேறு. நைஜீரியாவின் இபாடான் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளர் வேலை. அங்கிருந்து பின்னர் இங்கிலாந்து. சொந்த நாட்டுக்கு முதல் பதக்கம் தந்தவரின் அனுபவம் பல வருஷம் வேறொரு நாட்டு மாணவர்களுக்குத்தான் பயன்பட்டது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வேலை வந்தால் நாமும் போகத்தானே செய்கிறோம்? ஆனால் முழுநேரப் பயிற்சியாளர்களுக்குச் சின்ன நாடுகள் எப்போதுமே தவித்திருக்கின்றன. அப்படி ஒருவர் வெளியே போவது அங்கே பெரிய இழப்பு.

திறமை இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் உயரம் தாண்டுதலில் 2.03 மீட்டர் தாண்டி, ஆசியப் போட்டிகளில் சிலோனின் முதல் தங்கத்தை வாங்கினார். அவரும் அமெரிக்காவில் படித்து, வாழ்க்கையின் பெரும்பகுதியை வெளிநாடுகளில் கழித்தவர். ஒலிம்பிக்கில் மட்டும் இரண்டாவது பதக்கம் வரவே இல்லை. ஹெல்சிங்கி போச்சு, மெல்போர்ன் போச்சு, ரோம், டோக்கியோ, மெக்சிகோ... சிலோன் என்ற பெயரே 1972-ல் இலங்கை ஆனது. ஒவ்வொரு நான்கு வருஷமும் பேப்பர்களில் ஒயிட்டின் படத்தை எடுத்துப் போடுவது மட்டும் மாறவில்லை.

இலங்கை அரசு அவருக்கு தேசமான்ய பட்டம் அளித்தது. 1998 ஜூலை 3-ம் தேதி இங்கிலாந்தில், 80 வயதில் காலமானார்.

இரண்டு வருஷம் கழித்து, 2000 செப்டம்பர் 28. ஒயிட் 19 வயதில் முதன்முதலாகப் பெரிய போட்டி ஓடிய அதே சிட்னியில், பெண்கள் 200 மீட்டரில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார். வெண்கலம். முதலாவதாக ஓடிய மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007-ல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளி ஆனது.