சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தினுள்ளே பழைய கருங்கல் தூண் ஒன்று நிற்கின்றது. 1792ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார் அங்கு நிறுவிய வானாய்வுக் கூடத்தில், கருவியைத் தாங்குவதற்கென நாட்டப்பெற்ற தூண் அது. அதன் எடை 10 டன். நிலம் சிறிது அதிரினும் கருவி அசையும். கருவி அசையின் கணக்குப் பிழைபடும். ஆதலின் அத்துணைப் பெரிய கல் வேண்டியதாயிற்று. அக்கூடத்திலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்.

அவர் பஞ்சாங்கம் கணிக்கும் குடியில் தோன்றியவர். முன்னோர் வகுத்த வாக்கியங்களை மனப்பாடம் செய்து, அவற்றைக் கொண்டு கோள்களின் நிலையைக் கணிப்பது அக்குடியினர் தொழில். வானை நோக்காமலே வானைக் கணித்துவிடலாம்! இரகுநாதரோ இளமையிலேயே வானாய்வுக் கூடத்தில் பணியேற்று, வானை நோக்கக் கற்றார். 1861இல் போக்சன் என்னும் ஆங்கிலேயர் அக்கூடத்தின் தலைவராக வந்தார். அவருக்கு முதல் உதவியாளராக இரகுநாதர் விளங்கினார்.

அடுத்த ஆண்டு முதல் அங்கே உச்சிவட்டக் கருவி என்னும் தொலைநோக்கி பயன்படலாயிற்று. அது எல்லாப் பக்கமும் திரும்புவதன்று. கிழக்கு மேற்காக அமைந்த அச்சில் பொருந்தி, வடக்கு தெற்காக மட்டுமே சாயும். அதன் கண்ணருகே சிலந்தி நூல்கள் கட்டப்பட்டிருக்கும். நூலையே தொழிலாகக் கொண்ட திருப்பூர்ப் பகுதி மாணவர்க்கு இது வியப்பளிக்கலாம். விண்மீனை அளக்க எத்துணை மெல்லிய பஞ்சு நூலும் பருமனே! விண்மீன் நகர்ந்து வந்து அந்நூலைக் கடக்கும் நொடியைக் கடிகாரத்தால் குறித்தல் வேண்டும். தொலைநோக்கியின் சாய்வைப் பாகைகள் பொறித்த வட்டத்தால் அளத்தல் வேண்டும். இவ்விரண்டையும் கொண்டு விண்மீனின் இருப்பிடம் கணிக்கப்படும். இரவுதோறும் இதுவே வேலை. அவ்வாறு ஆய்ந்தெடுத்த 5,303 விண்மீன்களின் இருப்பிடங்கள் பின்னர்ப் பட்டியலாக வெளிவந்தன.

கண் சோராத இவ்வுழைப்பிலே ஒரு புதுமை புலப்பட்டது. தென்வானில் வலையம் என்னும் விண்மீன் குழுவிலுள்ள ஒரு மீன், முன்பு கண்ட ஒளியோடு இல்லை என்பதை இரகுநாதர் உணர்ந்தார். அது ஏறத்தாழ 9 மாதங்களுக்கு ஒரு முறை ஒளி பெருகி மங்கும் மாறொளி விண்மீன் என்பது தெளிவாயிற்று. 1867இல் நிகழ்ந்தது இக்கண்டுபிடிப்பு.

1871 டிசம்பர் 12ஆம் நாள் காலையில் முழுச் சூரிய கிரகணம் நேர்ந்தது. அதனை ஆராயப் போக்சன் குழுவினர் திருப்பூருக்கு அண்மையிலுள்ள அவிநாசியில் தங்கினர். இரகுநாதரும் அக்குழுவில் ஒருவர். முழு மறைவு இரண்டு நிமிட அளவே நீடிப்பது. அதற்காகத் தொலைநோக்கியும் நிறமாலைகாட்டியும் சென்னையிலிருந்து கொங்குநாட்டுக்கு வந்தன. அடுத்த மாதமே, 1872 ஜனவரியில், இலண்டனிலுள்ள அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

ஆயினும் அவர் உள்ளத்தை உறுத்தியது வேறொன்று. பழைய வாக்கியங்கள் காட்டும் நேரத்திற்கும் வானில் கண்ட நேரத்திற்கும் வேறுபாடு இருந்தது. காலம் செல்லச் செல்ல அது பெருகுமேயன்றிக் குறையாது. தம் குடியினர் போற்றிய கணக்கைத் தாமே பிழையெனக் கூறுதல் எளிதன்று. அதனை அவர் செய்தார். வானைக் கண்டு திருத்திய கணக்கால் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். இங்குத் திருக் என்பது அடைமொழியாகிய திரு அன்று. பார்வை எனப் பொருள்படும் வடசொல். முன்னோர் நூல்களை அவர் இகழ்ந்தாரல்லர். முன்னோரும் கண்டே கணித்தனர் என்பதே அவர் கருத்து. எனினும் மரபுவழிக் கணித்தோர் பலர் அதனை ஏற்கவில்லை.

1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதாயிருந்தது. பொதுமக்களும் அதனை விளங்கிக்கொள்ளுமாறு உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதி, தமிழ் முதலிய பல மொழிகளில் வெளியிட்டார். நம்மவர் வானாய்வு பயில்வதற்கென ஒரு கூடம் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அது கைகூடவில்லை. தாம் எழுத எண்ணிய சோதிட சிந்தாமணி என்னும் பெருநூலையும் முடிக்கவில்லை. 1880 பிப்ரவரி 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

சென்னைக் கூடத்தின் வானாய்வுப் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்கு மாறின. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களும் இன்றும் தமிழ்நாட்டில் வழங்குகின்றன.