கஞ்சித்தொட்டி வைத்த முன்சீப்

ஐசலின் சுற்றுவட்டாரத்திலே தேவாலயத்தார் உள்ளூர் ஏழைகளின் பசி தீர்க்கப் பணமும் டின் உணவும் திரட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வறத்தைத் தம் கைப்பொருள் கொண்டே செய்த தமிழ்க் கிறித்தவர் ஒருவர் நம்மிடையே இருந்தார்.

1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. மாயூரத்தில் நெடுங்காலம் முன்சீப்பாக இருந்து 1872இல் ஓய்வுபெற்றார். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பதைப் பெற்றோர் அறிவர். ஊரில் ஆசிரியராயிருந்தபோது நாமும் அவ்வளவே கற்பித்தோம். இடம்பெயர்ந்து, தட்டேந்திக் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதுதான் அவரது மறுபக்கம் எமக்கு விளங்கிற்று.

1876இல் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். அக்காலத்தும் நாட்டின் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது என்பது வேதனை. உத்தியோக வருவாய் இல்லாத அம்முதுமையிலே, பிள்ளையவர்கள் கஞ்சித்தொட்டிகள் அமைத்துத் தம் பொருளை வாரி வழங்கினார்; பஞ்சம் நீங்க இறைவனை இரந்து கீர்த்தனைகளும் இயற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார், இக்கிறித்தவரின் கொடையை வியந்து ஒரு கீர்த்தனை பாடினார். சமயம் அங்கே குறுக்கே நிற்கவில்லை.

பஞ்சம் தணிந்தபின் பதினோராண்டு வாழ்ந்து, 1889இல் பிள்ளையவர்கள் மறைந்தார்.