மெஹர் சிங்: மலைகளுக்கு நடுவே இறங்கிய விமானி

காஷ்மீரை இரண்டாகப் பிரிக்கும் கோடு எவ்வாறு உருவானது என்பது குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மன்னர்கள், பிரதமர்கள், ஐக்கிய நாடுகள் சபையின் தூதர்கள் ஆகியோரைச் சுற்றியே அமைகின்றன. ஆனால் பூஞ்ச், லே என்ற இரண்டு மலை நகரங்கள் அந்தக் கோட்டின் இந்தியத் தரப்பில் அமைந்ததற்கு, கைகளால் சமன்படுத்தப்பட்ட இரண்டு மண் ஓடுபாதைகளும் அவற்றில் முதன்முதலாக விமானத்தை இறக்கிய ஒரு விமானியும் முக்கியக் காரணம் எனலாம்.

ஏர் கமடோர் மெஹர் சிங் என்ற அந்த அதிகாரியை இந்திய விமானப்படையினர் இன்றும் மெஹர் பாபா என்றே நினைவுகூர்கின்றனர். 37 வயது நிறைவடையும் முன்பே மறைந்துவிட்ட அவருடைய வாழ்க்கை, தெற்காசியப் பிரிவினையின் முரண்கள் பலவற்றைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

லயால்பூரிலிருந்து கிரான்வெல் வரை

மெஹர் சிங் 1915ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி பஞ்சாபின் லயால்பூரில் பிறந்தார். இன்று ஃபைசலாபாத் என்று அழைக்கப்படும் அந்நகரம் பாகிஸ்தானில் உள்ளது.

1934ஆம் ஆண்டில் பிரிட்டனின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்கு அவர் தேர்வு செய்யப்பட்டார். அப்போது இந்திய விமானப்படை தொடங்கப்பட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1936இல் அதிகாரியாக நியமனம் பெற்ற அவர், அப்படையிடம் இருந்த ஒரே விமான அணியான 1ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார்.

அந்த அணியின் பணிக்களம் ஆப்கன் எல்லையை ஒட்டிய வசீரிஸ்தான். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த பழங்குடியினருக்கு எதிராக, வாப்பிட்டி என்ற இரட்டை இறக்கை விமானங்களில் அவர்கள் பறந்தனர். குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் பறப்பது, மலைமுகடுகளில் திடீரென மாறும் காற்றைக் கணிப்பது போன்றவற்றை மெஹர் சிங் அங்குதான் கற்றார். ஒருமுறை துப்பாக்கிக் குண்டு பாய்ந்த விமானத்தை மலைச்சரிவில் இறக்கி, தன்னுடன் இருந்த துப்பாக்கி வீரருடன் இருளில் நடந்தே இராணுவ முகாமை அடைந்ததாக விமானப்படை வரலாறு பதிவு செய்துள்ளது.

காலனிய அரசுக்காகப் பெற்ற இந்த அனுபவம், பத்தே ஆண்டுகளில் வேறொரு போரில் அவருக்குப் பயன்படவிருந்தது. அப்போரில் எதிர்த்தரப்பில் நின்றவர்களில் அதே வசீரிஸ்தானின் பழங்குடிப் படையினரும் இருந்தனர்.

திருச்சியில் பிறந்த அணி

இரண்டாம் உலகப்போரின்போது, 1942ஆம் ஆண்டு டிசம்பரில், இந்திய விமானப்படையின் 6ஆம் ஸ்குவாட்ரன் திருச்சிராப்பள்ளியில் உருவாக்கப்பட்டது. அதன் முதல் தளபதியாக மெஹர் சிங் பொறுப்பேற்றார்.

ஹரிக்கேன் விமானங்களுடன் உளவுப் பணிக்கென அமைக்கப்பட்ட அந்த அணி, 1943இன் இறுதியில் பர்மா எல்லையை ஒட்டிய காக்ஸ் பஜாருக்குச் சென்றது. அரக்கான் மலைக்காடுகளுக்கு மேல் தாழ்வாகப் பறந்து ஜப்பானியப் படைகளின் நடமாட்டத்தைப் படமெடுத்து வந்த அதை, பதினான்காவது இராணுவத்தின் கண்கள் என்று அழைத்தனர். 1944இல் மெஹர் சிங்குக்கு டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் ஆர்டர் என்ற உயர் விருது வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் இந்திய விமானப்படை அதிகாரிகளுள் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

1947 பிரிவினையின்போது விமானப்படையும் பங்கிடப்பட்டது. அதற்குள் டகோட்டா சரக்கு விமான அணியாக மாறியிருந்த 6ஆம் ஸ்குவாட்ரன் பாகிஸ்தானின் பங்காகச் சென்றது. மெஹர் சிங் பிறந்த ஊரும் அவர் உருவாக்கிய அணியும் ஒரே ஆண்டில் வேறொரு நாட்டுக்கு உரியவை ஆயின.

முற்றுகையில் பூஞ்ச்

1947ஆம் ஆண்டு கோடையிலிருந்தே பூஞ்ச் பகுதியில் மகாராஜா ஹரி சிங்கின் ஆட்சிக்கு எதிராக உள்ளூர் முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்திருந்தனர். உலகப்போரில் பங்கேற்றுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள் பலர் அவர்களிடையே இருந்தனர். அக்டோபரில் பாகிஸ்தானிலிருந்து பழங்குடிப் படைகள் நுழைந்தன. மகாராஜா இந்தியாவுடன் இணைய ஒப்பமிட்டதை அடுத்து, அக்டோபர் 27ஆம் தேதி இந்தியத் துருப்புகள் டகோட்டா விமானங்களில் ஸ்ரீநகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. காஷ்மீர் நடவடிக்கைகளுக்கான 1ஆம் செயற்பாட்டுக் குழுமத்தின் தளபதியாக மெஹர் சிங் நியமிக்கப்பட்டார்.

நவம்பர் மாதத்தில் பூஞ்ச் நகரம் நாற்புறமும் முற்றுகையிடப்பட்டது. பிரிகேடியர் ப்ரீதம் சிங் தலைமையிலான படையினரோடு, சுற்றுப்புறங்களிலிருந்து தப்பி வந்த ஏறத்தாழ 40,000 அகதிகளும் நகருக்குள் சிக்கினர். அவர்களில் பெரும்பாலானோர் இந்துக்களும் சீக்கியர்களும் ஆவர். வானிலிருந்து போடப்பட்ட மூட்டைகள் இத்தனை பேருக்குப் போதவில்லை. விமானம் தரையிறங்காவிட்டால் நகரம் பட்டினியால் வீழும் என்ற நிலை ஏற்பட்டது.

படையினரும் அகதிகளும் சேர்ந்து வயல்களைச் சமன்படுத்தி, சில நாள்களிலேயே சுமார் 600 கஜ நீளத்தில் ஓர் ஓடுபாதையை அமைத்தனர். மூன்று பக்கங்களில் நீரோடைகள், சுற்றிலும் மலைகள், அம்மலைகளின் மீது எதிரணியின் துப்பாக்கிகள். டகோட்டா போன்ற இரட்டை எஞ்சின் விமானத்துக்கு அந்த நீளம் மிகக் குறைவு.

1947 டிசம்பரில் அங்கு முதல் டகோட்டாவை இறக்கியவர் மெஹர் சிங். பின்னாளில் இந்திய விமானப்படையின் முதலாவது இந்தியத் தலைமைத் தளபதியான சுப்ரதோ முகர்ஜி அவ்விமானத்தில் உடன் சென்றார். தளபதியே முதலில் இறங்கிக் காட்டியதால், பிற விமானிகள் தயக்கமின்றிப் பின்தொடர்ந்தனர். மலைகளிலிருந்து ஓடுபாதை மீது குண்டுகள் விழத் தொடங்கியபோது, எண்ணெய் விளக்குகளின் வெளிச்சத்தில் இரவிலும் விமானங்கள் இறங்கின. பீரங்கிகளும் விமானங்களில் கொண்டுவரப்பட்டன.

உணவும் மருந்தும் உள்ளே வந்தன. திரும்பிச் சென்ற விமானங்களில் காயமடைந்தோரும் அகதிகளும் வெளியேறினர். 1948 நவம்பரில் தரைவழிப் படைகள் வந்து சேரும் வரை, ஓராண்டு காலம் பூஞ்ச் தாக்குப்பிடித்தது.

லே: வரைபடம் காட்டாத வழி

லடாக்கின் தலைநகரான லேயின் நிலை இதைவிடக் கடினமானது. ஸ்ரீநகரிலிருந்து அங்கு செல்லும் பாதை சுமார் 11,500 அடி உயரமுள்ள ஸோஜிலா கணவாயைக் கடந்து செல்கிறது. குளிர்காலத்தில் பனி அதை மூடிவிடும். 1948 பிப்ரவரியில் மேஜர் பிருத்வி சந்த் தலைமையில் புறப்பட்ட ஒரு சிறு குழு அப்பனியைக் கடந்து நடந்தே லேயை அடைந்தது. மே மாதத்தில் கார்கில் பாகிஸ்தான் ஆதரவுப் படைகளிடம் வீழ்ந்ததால் அந்த வழியும் அடைபட்டது.

பிருத்வி சந்தின் குழுவுடன் சென்றவர்களில் ஒருவர் சோனம் நோர்பு. லடாக்கைச் சேர்ந்த அந்தப் பொறியாளர், சிந்து நதிக்கு அருகே, உள்ளூர் மக்களைத் திரட்டி மண்ணும் கற்களும் நிறைந்த தரையில் ஓர் ஓடுபாதையை உருவாக்கினார். அம்மக்களில் பெரும்பாலானோர் அதுவரை விமானத்தை அருகில் கண்டதில்லை.

கடல் மட்டத்திலிருந்து 10,600 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்தது அந்தத் தளம். அத்தகைய உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. எஞ்சினின் ஆற்றல் குறையும். இறக்கைகள் விமானத்தைத் தாங்க அதிக வேகம் தேவைப்படும். ஆகவே தரையிறங்கவும் மேலெழவும் நீண்ட தூரம் வேண்டும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் வீசும் காற்று விமானத்தை நிலைகுலையச் செய்யும்.

டகோட்டாவில் காற்றழுத்தம் காக்கப்பட்ட அறை கிடையாது. அந்த வழிக்கு நம்பத்தக்க விமான வரைபடங்களும் இல்லை. மலைமுகடுகள் பல, விமானம் பறக்கக்கூடிய உயரத்தை ஒட்டியே நின்றன. ஓர் எஞ்சின் செயலிழந்தால் திரும்பி வருவது ஏறக்குறைய இயலாத காரியம்.

1948ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி, சிந்து நதியின் போக்கை வழிகாட்டியாகக் கொண்டு, மெஹர் சிங் லேயில் டகோட்டாவை இறக்கினார். தரைப்படைப் பிரிவின் தளபதி மேஜர் ஜெனரல் கே.எஸ். திம்மையா அதே விமானத்தில் பயணம் செய்தார். ஒரு போர்முனையின் இரண்டு மூத்த தளபதிகள் ஒரே விமானத்தில், அதுவரை எவரும் இறங்கியிராத தளத்துக்குச் செல்வது எந்த இராணுவ விதிமுறைக்கும் பொருந்தாத செயல். ஆயினும் துருப்புகளை நம்பி அனுப்ப வேண்டுமானால் தாங்களே முதலில் செல்ல வேண்டும் என்று இருவரும் கருதியதாகத் தெரிகிறது.

அதன்பின் கூர்க்கா வீரர்களும் ஆயுதங்களும் விமானங்களில் வந்து சேர்ந்தனர். லே வீழவில்லை. நவம்பரில் திம்மையாவின் படைகள் டாங்கிகளுடன் ஸோஜிலாவைக் கைப்பற்றி, தரைவழியை மீண்டும் திறந்தன.

மறுதரப்பின் விமானிகள்

மலைகளுக்குள் உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்கள் இந்தியத் தரப்பில் மட்டும் இருக்கவில்லை. கில்கிட், ஸ்கர்டு பகுதிகளில் இருந்த பாகிஸ்தான் தரப்புப் படைகளுக்கு உணவும் ஆயுதமும் கொண்டு சென்றது, திருச்சியில் மெஹர் சிங் உருவாக்கிய அதே 6ஆம் ஸ்குவாட்ரன்தான். 1948 நவம்பரில் சிந்துப் பள்ளத்தாக்கில் இந்தியப் போர்விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாகியும் டகோட்டாவைத் தளத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்த முக்தார் அகமது டோகர் என்ற விமானிக்கு, பாகிஸ்தான் சிதாரா-ஏ-ஜுரத் விருது வழங்கிச் சிறப்பித்தது.

ஸ்கர்டுவில் ஆறு மாதங்கள் முற்றுகையில் இருந்த மகாராஜாவின் படையினருக்கு, பூஞ்சில் கிடைத்தது போன்ற ஓடுபாதை கிடைக்கவில்லை. 1948 ஆகஸ்டில் அவர்கள் சரணடைந்தனர். 1949 ஜனவரி 1ஆம் தேதி போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் கராச்சியில் வரையறுக்கப்பட்ட போர்நிறுத்தக் கோடு, லேயை ஒரு பக்கமும் ஸ்கர்டுவை மறுபக்கமும் வைத்தது.

ஆக, எந்த மலை நகரத்துக்கு வான்வழியே சோறு போட முடிந்ததோ அது கைவிட்டுப் போகவில்லை என்பதே அப்போரின் பாடமாக இருந்தது. சட்டம், வரலாறு, மக்களின் விருப்பம் ஆகியவை குறித்த விவாதங்கள் ஐ.நா. மன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, களத்தில் பல இடங்களில் ஓடுபாதைகளே முடிவைத் தந்தன.

விலகலும் முடிவும்

ஆனால் போர்நிறுத்தம் வருவதற்கு முன்பே மெஹர் சிங் விமானப்படையிலிருந்து விலகிவிட்டார். 1948ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் பதவி துறந்ததற்கு, மேலிடத்துடனான கருத்து வேறுபாடுகளே காரணம் என்று கூறப்படுகிறது. அப்போது இந்திய விமானப்படையின் தலைமைப் பொறுப்பில் பிரிட்டிஷ் அதிகாரியே இருந்தார்.

விதிகளை மீறி முன்னின்று வழிகாட்டும் தளபதி போர்க்காலத்தில் தேவைப்படுகிறார். ஆனால் புதிய நாடு ஒன்றின் படை, தனிநபர் துணிவை மட்டும் நம்பி நிலைத்திருக்க முடியாது. நடைமுறைகளும் கட்டுப்பாடும் அதற்கு அவசியம். இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையிலான இழுபறியில், பூஞ்சையும் லேயையும் காப்பாற்றிய அதிகாரியைப் படை இழந்தது என்று கருத இடமுண்டு.

1950இல் அவருக்கு மகா வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. அப்போது அவர் பாட்டியாலா மகாராஜாவின் ஆலோசகராகப் பணியாற்றி வந்தார். 1952ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் இரவு, ஜம்முவிலிருந்து டெல்லிக்குத் தனியார் பொனான்சா சிறு விமானத்தை ஓட்டி வந்தபோது புயலில் சிக்கி உயிரிழந்தார். இமயமலை முகடுகளைக் கடந்த விமானி, சமவெளியை நோக்கிய பயணத்தில் இறந்தார்.

எஞ்சியிருப்பவை

அவர் இறங்கிய மண்பாதை இருந்த இடத்தில் இன்று லே விமானநிலையம் இயங்குகிறது. சோனம் நோர்புவின் பெயர் லேயின் மருத்துவமனைக்குச் சூட்டப்பட்டுள்ளது. லேக்கு வடக்கே, 16,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ள தௌலத் பேக் ஓல்டியில் 1962இல் தொடங்கி, 2008, 2013ஆம் ஆண்டுகளில் மீண்டும் இந்திய விமானங்கள் இறங்கின. எல்லையில் ஓடுபாதை அமைப்பது சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான அரசியல் மொழியாகவே மாறிவிட்டது.

2018இல் இந்திய விமானப்படை, பேரிடர் காலத்தில் நிவாரணப் பணிக்கு உதவும் ஆளில்லா விமானக் கூட்டங்களை உருவாக்குவதற்கான போட்டி ஒன்றை அறிவித்து, அதற்கு மெஹர் பாபாவின் பெயரைச் சூட்டியது.

ஆனால் மலைமக்களின் கதை அத்துடன் முடிவதில்லை. பூஞ்சிலிருந்து வெளியேறியவர்கள் பலரும், லடாக்கிலும் பால்டிஸ்தானிலும் பிரிந்த குடும்பங்களும், 1949இல் வரையப்பட்ட கோட்டின் இருபுறமும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். பூஞ்சுக்கும் மறுபக்கத்தில் உள்ள ராவலகோட்டுக்கும் இடையே 2006இல் தொடங்கப்பட்ட பேருந்து சேவை, 2019இல் நிறுத்தப்பட்டது. கார்கிலுக்கும் ஸ்கர்டுவுக்கும் இடையிலான பழைய சாலையைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை ஒருபோதும் நிறைவேறவில்லை.

முற்றுகையிடப்பட்ட மக்களுக்கு வான்வழியே உணவு கொண்டுசெல்ல முடியும் என்பதை மெஹர் சிங்கின் தலைமுறை 600 கஜ மண்பாதையில் நிரூபித்தது. அதே மக்கள் சில மைல் தொலைவில் உள்ள உறவினரைத் தரைவழியே சென்று சந்திப்பதற்கான ஏற்பாட்டை அவருக்குப் பின்வந்த அரசியல் தலைமுறைகளால் நிலைநிறுத்த முடியவில்லை.