சொல் தந்த சிசெரோ

இத்தாலியில், உரோம் நகருக்குத் தென்கிழக்கே, அர்ப்பினம் என்னும் மலையூர் உள்ளது. அவ்வூரில் கி.மு. 106 ஆம் ஆண்டு மார்க்கஸ் துல்லியஸ் சிசெரோ பிறந்தார். இலத்தீன் மொழியில் 'சிசெர்' என்றால் கொண்டைக்கடலை. அரசியலில் இறங்கும்போது அப்பெயரை மாற்றிக்கொள்ளுமாறு நண்பர்கள் வற்புறுத்தினர். அவரோ அதனையே புகழ்பெறச் செய்வதாக உறுதி பூண்டார் என்பர்.

அக்காலத்தில் தத்துவமும் பேச்சுக்கலையும் கிரேக்க மொழியிலேயே சிறந்திருந்தன. எனவே உயர்கல்வி பெற விரும்பிய உரோமானியர் கிரேக்கம் கற்றனர். சிசெரோவும் கடல் கடந்து ஏதென்ஸ் நகரிலும் ரோட்ஸ் தீவிலும் பயின்றார். கிரேக்கரே வியக்கும் வண்ணம் அவர்கள் மொழியில் உரையாற்றும் திறம் பெற்றுத் திரும்பினார்.

உரோம் நகரில் அவர் வழக்கறிஞராகப் புகழ்பெற்றார். சிசிலித் தீவை ஆண்ட வெர்ரஸ் என்பவன் மக்களின் பொருளையும் கோயில் சிலைகளையும் கொள்ளையிட்டான். கி.மு. 70 ஆம் ஆண்டு சிசிலி மக்களுக்காகச் சிசெரோ வழக்காடினார். சான்றுகளை அவர் அடுக்கிய விரைவைக் கண்டு அஞ்சிய வெர்ரஸ், தீர்ப்புக்கு முன்பே நகரை விட்டு ஓடினான்.

பின்னர்ச் சிசெரோ, நாட்டின் உயர்ந்த பதவியாகிய கான்சல் பதவிக்குப் போட்டியிட்டார். உரோமானியக் குடிமக்கள் டோகா என்னும் கம்பளி ஆடையை உடலைச் சுற்றி அணிவர். தேர்தலில் நிற்போர் அதனைச் சுண்ணப்பொடியால் வெளுத்து அணிந்து வாக்குக் கேட்பர். அதனால் அவர்களைக் 'காண்டிடாட்டஸ்' என்று அழைத்தனர். 'வெண்மையாக்கப்பட்ட' என்பது அதன் பொருள். இன்று வழங்கும் 'கேண்டிடேட்' என்னும் சொல் அதிலிருந்தே வந்தது. தமிழரோ, பதவியை விரும்பி நிற்பவரை வேட்பாளர் என்கிறோம். வேட்பு என்றால் விருப்பம். ஒரு மொழி ஆடையைக் கண்டு பெயரிட்டது. மற்றொன்று உள்ளத்தைக் கண்டு பெயரிட்டது.

'காண்டிடாட்டஸ்' என்பது வினையிலிருந்து பிறந்து பெயரைத் தழுவி நிற்கும் சொல். தமிழில் இதற்கு நெருங்கியது பெயரெச்சம். வந்த சிறுவன், வந்த சிறுமி, வந்த சிறுவர் என்று எல்லா இடத்திலும் தமிழ்ப் பெயரெச்சம் மாறாமல் நிற்கும். இலத்தீனிலோ அச்சொல், தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப உருமாறும். அது தனித்து நின்று ஆளைக் குறிப்பதும் உண்டு. அப்போது அது வந்தவன், வந்தவள் போன்ற நம் வினையாலணையும் பெயரை ஒத்திருக்கும். முனைந்து கற்கின்றவர் 'ஸ்டூடண்ட்' ஆனதும், முன்னே அமர்கின்றவர் 'பிரசிடென்ட்' ஆனதும் இவ்வாறே.

சிசெரோ வென்று, கி.மு. 63 ஆம் ஆண்டு கான்சல் ஆனார். அவருடைய முன்னோர் எவரும் அப்பதவி வகித்ததில்லை. அவ்வாண்டில் கத்திலினா என்பவன் செய்த சதியை அவர் முறியடித்தார். ஆயினும் சதிகாரர் சிலரை முறையான விசாரணையின்றிக் கொல்வித்தமை அவருக்குத் தீராப் பழியாயிற்று. அதன் காரணமாகக் கி.மு. 58 இல் நாட்டைவிட்டு வெளியேறினார். மறு ஆண்டு திரும்பினார்.

சீசர் தனியாட்சி செலுத்தியபோது சிசெரோவின் செல்வாக்குக் குறைந்தது. கி.மு. 45 இல் அன்பு மகள் துல்லியாவும் இறந்தாள். துயரில் மூழ்கிய அவர் எழுத்தையே துணையாகக் கொண்டார். தத்துவத்தைக் கிரேக்கத்தில்தான் படிக்க வேண்டும் என்று உரோமானியர் பலர் எண்ணிய காலம் அது. கிரேக்கத்தை நன்கு அறிந்த சிசெரோ அதனை ஏற்கவில்லை. தாய்மொழியிலேயே தத்துவ நூல்கள் இயற்றினார். சொல் இல்லாத இடத்தில் சொல்லை ஆக்கினார். 'எத்தகைய' என்று பொருள்படும் 'குவாலிஸ்' என்னும் சொல்லிலிருந்து 'குவாலிட்டாஸ்' பிறந்தது. இன்றைய 'குவாலிட்டி' அதுவே. வழக்கம், ஒழுக்கம் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து 'மொராலிஸ்' பிறந்தது. இன்றைய 'மாரல்' அதுவே.

சீசர் கொலையுண்ட பின், அந்தோனியின் அதிகார வேட்கையைக் கண்டித்துச் சிசெரோ 14 உரைகள் இயற்றினார். அதனால் கி.மு. 43 ஆம் ஆண்டு திசம்பர் 7 ஆம் நாள் அந்தோனியின் ஆட்களால் கொல்லப்பட்டார். எழுதிய கையும் பேசிய தலையும், அவர் முழங்கிய அதே மேடையில் வைக்கப்பட்டன. அஞ்சி நடந்தவர் பலர். கண்டு அழுதவரும் பலர்.

அவரைக் கொல்வித்தவர்களால் அவர் ஆக்கிய சொற்களை அழிக்க முடியவில்லை. அயல்மொழியில் பெற்ற அறிவை அவர் தாய்மொழிக்கு வழங்கினார். வீட்டு மொழி வேறாகவும் கல்வி மொழி வேறாகவும் அமைந்தவர் எவரும், அவ்விரண்டுக்கும் இடையே பாலமாகலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

பயிற்சி

1. சிசெரோவின் கிரேக்கக் கல்வி இலத்தீன் மொழிக்கு எவ்வாறு பயன்பட்டது?
2. 'படித்த' என்னும் பெயரெச்சத்தை மூன்று பெயர்களோடு சேர்த்து எழுதுக. அதிலிருந்து பிறக்கும் வினையாலணையும் பெயர்கள் இரண்டு தருக.
3. நீங்கள் வாழும் ஊரின் மொழியில் வழங்கும் ஒரு சொல்லைத் தேர்ந்து, அதற்குரிய தமிழ்ச் சொல்லை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.